ஒடக்கானுக்கு மதிப்பெண் இல்லை

கிளியூர் பால்வாடி வாசலில் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் பழனியம்மாள் அக்கா சொல்லிவிட்டார்.

"ஷெர்வினு இப்பெல்லாம் பேசறதே இல்ல கண்ணு. கேட்டாப் பதில் சொல்றான். அதுக்கு மேல ஒரு வார்த்த வர்றதில்ல. எப்பேர்ப்பட்ட வாயாடிப் பையன். எனக்கு மனசே சரியில்ல."

பழனியம்மாள் அக்கா பதினெட்டு வருடமாக அங்கே டீச்சர். எந்தப் பிள்ளைக்குச் சளி, எந்தப் பிள்ளைக்குப் பிடிவாதம் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அவருக்கு மனசு சரியில்லை என்றால் காரணம் இருக்கும். இருந்தாலும் எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது. நாலு மணி பஸ்ஸுக்குள் ஒன்பது பிள்ளைகளைப் பார்த்து முடிக்க வேண்டும். "பாக்கறேன்க்கா" என்று சொல்லிவிட்டு அட்டைக் கட்டைப் பிரித்தேன்.

நான் ஷஹீதா. ஏற்காடு பஜாரில் காப்பித்தூளும் மிளகும் விற்கிற அப்துல் ரஹீமின் மகள். சேலத்தில் குழந்தை வளர்ச்சித் துறையில் நான்கு வருடமாக முனைவர் பட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் உட்காரத் தெரியாத எனக்கு வாய்த்த ஆய்வு, மணிக்கணக்காகக் கார்ட்டூன் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளைப் பற்றியது. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளின் பேச்சைக் கார்ட்டூன் என்ன செய்கிறது என்பது கேள்வி. கிளியூர், கரடியூர், ஏற்காடு டவுன் மூன்றிலும் சேர்த்து முப்பத்தாறு பிள்ளைகள். ஜூனில் ஒரு சுற்று, டிசம்பரில் ஒரு சுற்று.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நாற்பது பட அட்டைகள். ஒவ்வொன்றாகக் காட்டி "இது என்ன?" என்று கேட்பேன். பிள்ளை சொல்லும் பெயர் என் விடைப்பட்டியலில் இருந்தால் ஒரு மதிப்பெண். குரலையும் பதிவு செய்துகொள்வேன். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கார்ட்டூன் பார்க்கிறது என்று பெற்றவர்களிடம் எழுதி வாங்கிக்கொள்வேன். முடிவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சீட்டு. முப்பதும் அதற்கு மேலும் பச்சை வட்டம், இருபத்திநான்கு வரை மஞ்சள், அதற்கும் கீழே சிவப்பு. சிவப்புக்குப் பக்கத்தில் "பேச்சு வளர்ச்சியில் கவனம் தேவை" என்று அச்சடித்திருக்கும்.

ஜூனில் ஷெர்வினுக்கு இருபத்திமூன்று. சிவப்பு.

அந்த ஜூன் முடிவுகளைப் பார்த்து எங்கள் பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். கார்ட்டூன் அதிகம் பார்க்கிற பிள்ளைகள்தான் அதிக மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். "எல்லாரும் கெடுதல் கெடுதல்னு எழுதறாங்க. நாம மாத்தி எழுதப்போறோம் ஷஹீதா" என்றார். ஒரு மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கமும் போய்விட்டது. டிசம்பர் சுற்றும் அதையே சொல்லிவிட்டால் ஏப்ரலில் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம் என்று நானும் துறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஷெர்வின் வந்து எதிரில் உட்கார்ந்தான். நாலரை வயது. அப்பா மரியதாஸ் ஜீப் டிரைவர், அம்மா பிலோமி எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள். ஜூனில் இந்தப் பையன் என் பேனாவைப் பிடுங்கி, என் செருப்பைப் போட்டு நடந்து பார்த்து, நாற்பது அட்டைக்கும் நாற்பது கதை சொல்லி என் உயிரை வாங்கியவன். இன்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இது என்ன?"

"வீடு."

"இது?"

"துடைப்பம்."

"இது?"

"ஓணான்."

ஒவ்வொரு சொல்லும் சுத்தமாக வந்தது. சொன்னதும் வாயை மூடிக்கொண்டு என் பேனாவையே பார்த்தான். நான் குறித்து முடித்த பிறகுதான் கண்ணை அடுத்த அட்டைக்குக் கொண்டுபோனான். நாற்பதும் முடிந்தபோது கூட்டிப் பார்த்தேன். முப்பத்திநான்கு. பச்சை.

"சூப்பர் ஷெர்வின்" என்றேன்.

"மிக்க நன்றி, நண்பரே" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்து சிரித்தும் விட்டேன். அவன் சிரிக்கவில்லை. எழுந்துபோய்ச் சுவரோரமாகத் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டான். பழனியம்மாள் அக்கா என்னைப் பார்த்தார். நான் என் தாளைப் பார்த்தேன்.

பிலோமி எழுதிக் கொடுத்திருந்த தாளில், ஜூனில் கார்ட்டூன் நேரம் பூஜ்யம். இப்போது நாலு மணி நேரம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பால்வாடிக்கு வெளியே வந்து, சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி நின்று பேராசிரியரைக் கூப்பிட்டேன்.

"இந்தப் பையனை ஒரு தனி அத்தியாயமா எழுதுங்க. இன்னைக்கே அம்மாவைப் பாத்துப் பேட்டி எடுத்துடுங்க. ஜூன் ரெக்கார்டிங்கையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுதுங்க" என்றார்.

நாலு மணி பஸ்ஸை விட்டுவிட்டு எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் போனேன்.

பிலோமி அப்போதுதான் பழம் பறித்துவிட்டு வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் கறை. உள்ளே ஷெர்வின் ஒரு பாத்திரத்தில் சாய்த்து வைத்த போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். போனில் ஒரு நீல ஆமை ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு, "வாருங்கள் நண்பர்களே, இன்று நாம் புதிய சொற்களைக் கற்போம்" என்றது.

நான் பச்சைச் சீட்டை நீட்டினேன். பிலோமி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாதா படத்துக்குப் பின்னாலிருந்து ஜூன் சீட்டை எடுத்து இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

"நீங்க சொன்னபடியேதாங்க டீச்சர் பண்ணுனோம்" என்றாள்.

"நான் என்னங்க சொன்னேன்?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க. செவப்பு வந்துருச்சே, என்னங்க பண்ணோணும்னு உங்க பின்னாலயே பஸ்ஸு வரைக்கும் வந்தனே. நல்ல தமிழ்ல பேசுங்க, ஊடு கீடுன்னு பேசுனா பையன் அதத்தான் புடிச்சுக்குவான்னீங்க."

சொல்லியிருக்கிறேன். பஸ் படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னது. அடுத்த வளைவுக்குள் மறந்தும் போயிருந்தேன்.

"எனக்கு நல்ல தமிழ் எங்கீங்க தெரியும்" என்று பிலோமி சிரித்தாள். "இந்த ஆமை பேசறது நல்ல தமிழா இருந்துச்சு. அது முன்னால உக்கார வெச்சேன். நா பேசிக் கெடுக்க வேண்டாம்னு வாய மூடிக்கிட்டேன்."

"சுத்தமா பேசறதே இல்லீங்களா?"

"சாப்புடு, தூங்கு. அவ்வளவுதாங்க. அதும் யோசிச்சு யோசிச்சுத்தான். மொதல்ல நொம்பச் செரமமா இருந்துச்சு. வந்து வந்து நிப்பான். அம்மா அது என்ன, இது என்னம்பான். நா போனக் கை காட்டிருவேன். அப்பறம் அவனே கேக்கறத உட்டுட்டான்." பச்சைச் சீட்டைத் தடவிக்கொண்டாள். "அதான் பச்சை வந்துருச்சுங்களே. பட்ட கஷ்டத்துக்கு."

வரக்காப்பி கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தேன். பேட்டிக்கென்று எழுதி வைத்திருந்த பன்னிரண்டு கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன். அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. நிற்க முடியாமல் டவுனுக்கு நடந்தேன். ஏரிக்கரை வந்த பிறகும் வேகம் குறையவில்லை.

மறுநாள் காலை அத்தா கடையின் பின்கட்டில், மிளகு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஜூன் ரெக்கார்டிங்கைக் காதில் மாட்டிக்கொண்டேன். அதற்கு முன் ஒருமுறையும் முழுசாகக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. தாளில் ஒரு கட்டம்தான், முதலில் வரும் சொல்லுக்கு மட்டும்.

"இது என்ன?" என்று ஓணான் படத்துக்கு என் குரல் கேட்டது.

"ஒடக்கான்" என்றது ஷெர்வின் குரல். "எங்கூட்டுச் செவுத்து மேல ஒண்ணு இருக்குது. தலைய இப்புடி இப்புடி ஆட்டும். நா ஆட்டுனா அதும் ஆட்டும். அது என்ன சொல்லுதுன்னு எங்கம்மாளக் கேட்டனா, சரி சரின்னு சொல்லுதாமா. நா எது கேட்டாலும் சரிங்குது. நொம்ப நல்ல ஒடக்கான்."

"சரி, இது என்ன?" என்றது என் குரல்.

அவன் என்னோடு பேசிக்கொண்டிருந்தான். நான் அடுத்த அட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தேன். துடைப்பத்தைச் சீமாறு என்றான், அதில் அம்மா தேளை அடித்த கதையைச் சொன்னான். பாத்திரத்தைப் போசி என்றான், அதில் காப்பி பொங்கி அடுப்பு அணைந்த கதையைச் சொன்னான். ஒவ்வொரு கதைக்கும் நடுவில் என் "சரி, இது என்ன?" வந்து விழுந்தது. காதிலிருந்ததைப் பிடுங்கிவிட்டுக் கடைக்குள் நாலு நடை நடந்தேன். மறுபடி வந்து உட்கார்ந்தேன்.

ஊருக்குள் புழங்குகிற சொல்லையும் சரி என்று வைத்துக்கொண்டு, ஷெர்வினின் ஜூன் தாளை மறுபடி திருத்தினேன். பதினொரு சொற்கள் கூடின. இருபத்திமூன்றும் பதினொன்றும் முப்பத்திநான்கு. டிசம்பரிலும் அதே முப்பத்திநான்கு. இந்த வயதில் ஒரு பிள்ளை ஆறு மாதத்தில் நூற்றுக்கணக்கான சொற்களை அள்ளிக்கொண்டு வரும். இவன் பதினொரு சொல்லைக் கொடுத்துப் பதினொரு சொல்லை வாங்கியிருக்கிறான். மிச்சக் கதையெல்லாம் போய்விட்டது.

அன்றும் மறுநாளும் முப்பத்தாறு பிள்ளைகளின் ஜூன் ரெக்கார்டிங்கையும் கேட்டேன். எல்லாத் தாளையும் திருத்தினேன். கார்ட்டூன் பார்க்கிற பிள்ளைகளுக்கும் பார்க்காத பிள்ளைகளுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் காணாமல் போனது. நான் கண்டுபிடித்ததாக நினைத்துக் குதித்ததெல்லாம் இவ்வளவுதான்: ஆமை பேசுவதைக் கேட்கிற பிள்ளை வீடு என்கிறது, அம்மா பேசுவதைக் கேட்கிற பிள்ளை ஊடு என்கிறது.

விடைப்பட்டியலை யார் எழுதினார்கள் என்று யார்மேலாவது பாயலாம் என்றால், எழுதியவள் நான்தான். எங்கிருந்தோ வந்த சோதனைக்குத் தமிழ்ச் சொற்களைப் போட்டவள் நான். பேராசிரியர் வெளி மாவட்டத்துக்காரர், அவருக்கு ஒடக்கான் தெரியாது. எனக்குத் தெரியும். கல்லூரி விடுதியில் முதல் நாள் "எங்க ஊட்ல" என்று வாய் தவறிச் சொன்னதற்கு மூன்று வருடம் என்னை "ஊடு" என்றே கூப்பிட்டார்கள். அன்றைக்கு அந்தச் சொல்லை விழுங்கியவள், பட்டியல் எழுதும்போது அதைத் துப்பவில்லை. குடத்தைக் கொடம் என்று சொன்ன பிள்ளைகளுக்கெல்லாம் மதிப்பெண் போட்டிருக்கிறேன். ஊடு என்று சொன்ன பிள்ளைகளுக்கு மட்டும் என் பேனா தப்பென்று தானாகவே சுழித்திருக்கிறது.

அத்தா எட்டிப் பார்த்தார். "ரெண்டு நாளா இங்கயே கெடக்கறியேம்மா. ஊட்டுக்குப் போயிச் சாப்புட்டு வா."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

பேராசிரியரைக் கூப்பிட்டுச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"இது கமிட்டி ஒத்துக்கிட்ட பட்டியல் ஷஹீதா. இப்ப போய் மாத்த முடியாது. லிமிடேஷன்ஸ்னு குறைகளைச் சொல்ற பகுதியில ஒரு வரி போட்டுடுங்க."

"அந்தப் பையனுக்குத் தப்பா சிவப்பு குடுத்துட்டேன் சார். அவன் பேச்சே நின்னுபோச்சு."

"அதான் இப்ப பச்சை ஆயிட்டானே."

அவர் கெட்டவர் இல்லை. தாளில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தப் பதிலுக்குப் பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லாமல் போனது. திருத்திய தாள்களை அனுப்புகிறேன், மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். இன்னும் ஒரு வருடம் ஆகும் என்றார். ஆகட்டும் சார் என்றேன். வீராப்பாகத்தான் சொன்னேன். ஒரு வருடம் போனால் போகிறது. பிலோமியிடம் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பியிருக்கும் நேரம் பார்த்துப் போனேன். மரியதாஸ் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தார். ஷெர்வின் ஆமைக்கு முன்னால் இருந்தான். பிலோமி முக்காலியை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

"பிலோமி, ஜூன்ல குடுத்த சிவப்பு தப்புங்க. பையன் சரியாத்தான் சொன்னான். நான்தான் தப்புன்னு போட்டுட்டேன்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "எது சரிங்க?"

"ஊடு சரிங்க. ஒடக்கான் சரிங்க. அன்னைக்கு அவன் சொன்னதெல்லாம் சரிங்க."

"அப்ப நா அவங்கிட்டப் பேசிட்டிருந்தது?"

"அதும் சரிங்க. எங்க ஊட்லயும் அப்படித்தான் பேசுவோம்."

பிலோமி என்னை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாள். "உங்க ஊட்லயுமா?"

"ஆமாங்க."

"அப்ப தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

இதற்குச் சொல்ல எத்தனையோ சமாதானம் வழி நெடுக யோசித்து வைத்திருந்தேன். "தெரிஞ்சேதாங்க" என்றேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும். அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, "ஆறு மாசமுங்க டீச்சர்" என்றாள். பிறகு, "வந்து வந்து நின்னானுங்க" என்றாள். இப்போது அழுதால் இவள்தான் என்னைத் தேற்ற வேண்டிவரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஏதாவது செய்தாக வேண்டும் போல் கை பரபரத்தது. பையிலிருந்து ஓணான் அட்டையை எடுத்து ஷெர்வின் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"சாமி, இது ஒடக்கான்தான?"

அவன் அட்டையைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். என் பையில் செருகியிருந்த பேனாவைப் பார்த்தான்.

"தப்பு" என்றான்.

"யாரு சாமி தப்புன்னு சொன்னது?"

விரலை நீட்டி என்னைக் காட்டினான்.

பிலோமி மாதா படத்துக்குப் பின்னால் கையை விட்டு ஜூன் சீட்டை எடுத்து வந்து என் மடியில் போட்டாள். "எழுதுங்க" என்றாள். "எதெது சரியோ அதெல்லாம் எழுதுங்க. எழுதிட்டு அவங்காதுல உழுகற மாதிரி படிங்க."

சிவப்பு வட்டத்தின் மேல் கோடு போட்டேன். சீட்டின் பின்பக்கம் பதினொரு சொற்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சரி என்று எழுதினேன். பிலோமி போனை எடுத்து நிறுத்தினாள். ஆமை பாதிப் பேச்சில் நின்றது. நான் படித்தேன்.

"ஊடு, சரி. சீமாறு, சரி. போசி, சரி. ஒடக்கான், சரி."

பதினொன்றையும் படித்தேன். ஷெர்வின் முதலில் அணைந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது சொல்லுக்குத் திரும்பினான். ஏழாவதுக்கோ எட்டாவதுக்கோ நகர்ந்து வந்து, நான் ஒழுங்காகத்தான் படிக்கிறேனா என்று பார்க்கிறவனாகச் சீட்டுக்குள் தலையை விட்டான். நான் படித்து முடித்ததும் சீட்டிலிருந்து தலையைத் தூக்கினான்.

"அப்ப நொம்ப?" என்று கேட்டான்.

அது என் பட்டியலிலேயே இல்லை. ரொம்ப என்பதற்குப் படம் வரைய முடியாது என்று நாங்கள் சேர்க்கவில்லை. பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். ஆனால் அவன் கேட்டது என்னை இல்லை.

"சரி சாமி" என்றாள் பிலோமி. கீழே உட்கார்ந்து அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "நொம்பவும் சரி. எல்லாஞ் சரி."

நான் அட்டைகளை அடுக்க ஆரம்பித்தேன். எழுதிய சீட்டைத் திருப்பிக் கொடுக்கலாமா, இன்னும் ஏதாவது சொல்லலாமா என்று நின்றேன்.

"நீங்க கெளம்புங்க டீச்சர்" என்றாள் பிலோமி, என்னைப் பார்க்காமலே. "எங்களுக்குப் பேசோணும்."

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. சீட்டை முக்காலி மேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.